முட்டு வலி உள்ள அப்பாவோடு சிதறால், பத்மநாபபுரம்: நடக்க எந்த வழி எளிது?

நெய்யாற்றின்கரை_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நெய்யாற்றின்கரையில் இருக்கிறோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அப்பாவுக்கு 71 வயது. திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தில் 34 வருடம் எழுத்துக் கோத்தவர், தமிழும் மலையாளமும். போன சித்திரையில் வலது முட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தினமும் காலையில் ஒன்றரை கிலோமீட்டர் கம்பு இல்லாமல் நடக்கிறார். சமதரை என்றால் கவலையே இல்லை. படி வந்தால் மட்டும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகுதான் அடுத்த படி.

எங்கள் ஊருக்கும் பத்மநாபபுரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள் இல்லையா, ஒரு ராத்திரி எங்கள் ஊர்க் கிருஷ்ணன் கோயிலில்தான் தங்கல். அப்பா ஒரு வருடம் விடாமல் ரோட்டோரம் நின்று கும்பிடுவார். ஆனால் ஊர்வலம் புறப்படுகிற கொட்டாரத்தை, அதாவது பத்மநாபபுரம் அரண்மனையை, அவர் பார்த்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை. "கறுப்புத் தரை, குனிந்தால் முகம் தெரியும்" என்பது மட்டும்தான் ஞாபகம் என்கிறார். இந்த வருடம் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவராகவே கேட்டார். அறுவைக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் விஷயம் இது.

சிதறால் மலையில் வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து, இருக்கிறது என்று யாரோ சொல்லி, அதுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எழுத்து என்றால் விட மாட்டார்.

ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். ஒரே நாளில் எட்டு இடம் காட்டுகிறோம் என்றார்கள். எட்டுத் தடவை காரில் ஏறி இறங்குவதிலேயே அவர் களைத்துவிடுவார். அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தானின் கார் இருக்கிறது, பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று எண்ணம்.

கேள்வி இதுதான். மலையை விட்டுவிட்டுக் கொட்டாரத்தை மட்டும் பார்ப்பதா? மலைப்பாதை எவ்வளவு செங்குத்து? இடையில் உட்கார இடம் உண்டா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அருமனை_டீச்சர்:

மக்களே, நீங்கள் மலையைக் கஷ்டம் என்றும் கொட்டாரத்தை எளிது என்றும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். முட்டு வலிக்காரருக்கு அது தலைகீழ். நான் வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிதறாலுக்கு அழைத்துப் போகிறவள். என் மாமியாரை 74 வயதில் அதே பாதையில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அதே மாமியார் கொட்டாரத்தில் இரண்டாவது மரப்படிக்கட்டிலேயே "என்னை விடு" என்று உட்கார்ந்துவிட்டார்.

காரணம் சொல்கிறேன். கொட்டாரத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மரப்படிகள் ஒடுக்கம், ஏணி மாதிரி நிமிர்ந்தவை, படிக்குப் படி உயரமும் அதிகம். நிலைகள் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். பின்னால் ஆள் வந்துகொண்டே இருக்கும், நின்று மூச்சு வாங்கத் தோன்றாது. முட்டை மடக்கிக் குனிந்து ஏறுவதைப் போல அவர்களுக்கு வேதனை வேறில்லை.

சிதறால் அப்படி இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே ஏறத்தாழ 800 மீட்டர், கல் பாவிய பாதை. பெரும்பகுதி சரிவுதான், படி இல்லை. இரண்டு பக்கமும் மரம், வழியில் உட்காரக் கல் இருக்கைகள். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இருக்கை கண்ட இடத்தில் எல்லாம் உட்காரச் சொல்லுங்கள், களைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசியில் பாறைகளுக்கு நடுவே ஓர் ஒடுக்கமான வழி வரும், அங்கே கொஞ்சம் படி உண்டு. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்றால் போதும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இறக்கம். ஏறும்போது நெஞ்சுதான் உழைக்கும், இறங்கும்போது முழுப் பாரமும் முட்டில் விழும். கம்பு தேவையில்லை என்று அவர் சொன்னாலும் காரில் ஒரு கம்பு கிடக்கட்டும், இறங்கும்போது கொடுங்கள். பாதையின் அகலத்துக்குக் குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்ந்து சாய்ந்து இறங்கினால் சரிவு பாதியாகிவிடும். ரப்பர் விளைகளில் பால் வெட்டப் போகிறவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள், கவனித்திருப்பீர்கள். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம், பாசி வழுக்கும். தை மாதம் நல்ல மாதம்தான். காலை ஒன்பதுக்கே அடிவாரத்தில் இருங்கள். உச்சிக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும், கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். மேலே கடை கிடையாது, குடிக்க வெள்ளம் கையில் இருக்கட்டும்.

இனி எழுத்து விஷயம். உங்கள் அப்பா யாரென்று கேட்ட பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமண முனிவர். சரிந்து நிற்கிற பெரிய பாறையின் முகப்பில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் குருமார்கள், தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை. பாம்புப் படத்தோடு நிற்பவர் பார்சுவநாதர். பக்கத்திலேயே சிங்கமும் இரண்டு பிள்ளைகளுமாகச் சமணர்களின் அம்மன் அம்பிகா. எல்லாம் ஏறக்குறைய ஒன்பதாம் நூற்றாண்டு. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அதில் ஒருவர் அச்சணந்தி. மதுரைப் பக்கத்துச் சமண மலைகளிலும் இதே பெயரைப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த கல்வெட்டு இன்னொன்று. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-வது ஆட்சியாண்டு. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி, குணந்தாங்கிக் குரத்திகள் என்று ஒரு பெண் துறவி, அங்கிருந்த படாரி அம்மனுக்குப் பொன் நகை கொடுத்திருக்கிறார். குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் மலையில் ஒரு பெண் ஆசிரியராக இருந்திருக்கிறாள், பெயரும் கல்லில் நிற்கிறது. என் வகுப்புப் பெண் பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்தி இதைச் சொல்வதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறேன். பிற்காலத்தில் அது பகவதி கோயிலாக மாறி, இன்றைக்கும் விளக்கு எரிகிறது.

சுற்றுலாப் பட்டியலில் "அழகான காட்சி" என்று மட்டும் போடுவார்கள். காட்சியும் உண்டுதான், ஒரு பக்கம் மலைத்தொடர், கீழே முழுக்கத் தெங்கும் ரப்பரும். ஆனால் பெயர்களைப் பார்க்காமல் இறங்கினால் பாதியைத்தான் பார்த்தீர்கள்.

தக்கலை_நடையாளி:

டீச்சர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. முழுக்கச் சமதரை வேண்டும் என்றால் உதயகிரிக் கோட்டையையும் யோசியுங்கள். புலியூர்க்குறிச்சியில் மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது, தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற வழி. ஞாயிறு தோறும் நான் நடக்கிற இடம். உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது, நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். மரத்தடியில் அகலமான மண் பாதை. நடுவில் ஒரு குன்று உண்டு, அதில் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. பாதையோடு போய்ப் பாதையோடு திரும்பலாம். அப்பா தினம் நடக்கிற தூரத்துக்குச் சரியாக இருக்கும்.

அங்கேயும் அவர் வாசிக்க ஒரு கல் இருக்கிறது. 1741 ஆகஸ்ட் 10, குளச்சல் போரில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அதில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படைத்தளபதியாகி, இந்தக் கோட்டையைக் கல்லால் திருத்திக் கட்டி, உள்ளே பீரங்கி வார்க்க உலையும் வைத்தார். ஊர் அவரை வலிய கப்பித்தான் என்று கூப்பிட்டது. 1777-இல் இறந்தார். கூரை போன ஒரு பழைய தேவாலயத்துக்குள் கல்லறை, மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மனைவியும் மகனும் அங்கேயே. மகன் களக்காட்டுச் சண்டையில் இறக்கும்போது வயது 19. அந்தக் கல்லின் முன்னால் நின்றால் எனக்கு வலிய கப்பித்தானைவிட, பிள்ளையைப் புதைத்துவிட்டு அதற்குப் பிறகும் 12 வருடம் அந்தக் கோட்டைக்குள்ளேயே நடந்த அப்பாதான் தெரிகிறார்.

தேவசகாயம் பிள்ளையின் நினைவோடு சேர்ந்த முட்டிடிச்சான் பாறையும் புலியூர்க்குறிச்சியில்தான். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு கூட்டம் அதிகம். அமைதி வேண்டுமென்றால் காலையிலேயே வாருங்கள்.

கோட்டைக்குள்_வீடு:

நான் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். டீச்சர் அக்கா சொன்னது சரிதான், படிகள் கஷ்டம். அதற்காகக் கொட்டாரத்தை விட்டுவிடாதீர்கள், அதுதானே உங்கள் அப்பா கேட்டது. எல்லா மாடியும் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் படிக்கட்டுக்கு முன்னாலேயே அங்கே நிற்கிற ஊழியர்களிடம் முட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். என் பெரியம்மா வந்தபோது, படி குறைவான பக்கமாக அவர்களே கூட்டிப் போனார்கள்.

பூமுகத்தில், அதாவது வாசல் முகப்பு மண்டபத்தில், நின்று மேல்கூரையைப் பாருங்கள். மரத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறது, ஒன்றைப் போல ஒன்று கிடையாது. இதைப் பார்க்க ஒரு படியும் ஏற வேண்டாம். கறுப்புத் தரை சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்து மெழுகியது என்பார்கள். உங்கள் அப்பா மனதில் இருப்பது நவராத்திரி மண்டபத்தின் தரையாகத்தான் இருக்கும், சரஸ்வதி அம்மன் சன்னிதிக்கு முன்னால். அதுதான் முகம் தெரிகிற தரை.

திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடிவிடுவார்கள். கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பு, வாசலுக்கு வெளியே எல்லாம் தமிழ்நாடு. 1956-இல் எல்லை பிரித்தும் இது அப்படியே நின்றுவிட்டது. உங்களைப் போல இரண்டு மொழி வீட்டுக்குப் பொருத்தமான இடம்.

வெளியே வந்த பிறகு தெருவோடு நீலகண்டசுவாமி கோயில் வரைக்கும் மெதுவாக நடந்து பாருங்கள். சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடிப் போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தில் வருகிற பன்னிரண்டு சிவன் கோயில்களில் இது ஒன்று, கல்குளம் என்று சொல்வார்களே, அது. பழைய வீடுகள், தெப்பக்குளம், கோட்டை மதில். நல்ல நடை அதுதான், பலர் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

நெய்யாற்றின்கரை_மகள்:

டீச்சர், அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். சிதறால், உதயகிரி, கொட்டாரம் மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

அருமனை_டீச்சர்:

முடியும். ஆனால் வேண்டாம். இரண்டோடு நிறுத்துங்கள். காலையில் சிதறால், மார்த்தாண்டத்தில் ஊண், இரண்டு மணி கழிந்து கொட்டாரம். உதயகிரி எங்கும் ஓடிவிடாது. திரும்பும்போது மார்த்தாண்டத்தில் தேன் வாங்குங்கள், மட்டிப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பு.

நெய்யாற்றின்கரை_மகள்:

நேற்றுப் போய் வந்தோம். எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒன்பது பத்துக்கு ஏற ஆரம்பித்தோம். ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். முதல் இருக்கையிலேயே "எனக்கு ஒன்றுமில்லை, நடக்கலாம்" என்றார். டீச்சர் சொன்னதை நினைத்துக் கட்டாயமாக உட்கார வைத்தேன். மூன்றாவது இருக்கையில் அவரே முதலில் போய் உட்கார்ந்தார். நாற்பது நிமிடத்தில் பாறை வழிக்கு வந்துவிட்டோம். அத்தான் முன்னால், நான் பின்னால். அந்தப் படிகளில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் யாரையும் பிடிக்க விட மாட்டார்.

சிற்பங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அந்த எழுத்து அவருக்குப் படிக்க வரவில்லை. ஆனால் படிக்காமலேயே பார்த்தார், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலைக் காற்றில் ஓட்டினார், கல்லைத் தொடவில்லை. "வரி ஏறி இறங்குது பாரு. சமமா நிறுத்த அவனுக்குப் பிடிமானம் இல்லை" என்றார். பிறகு, "நாங்க தப்பாக் கோத்தா, எழுத்தைப் பிடுங்கி மாத்தி வச்சிடுவோம். இவன் தப்பு விட்டா மலையையா மாத்த முடியும்?" என்றார். குணந்தாங்கிக் குரத்திகளின் பெயரை நான் சொன்னதும் இரண்டு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

இறக்கத்தில் ஒரு சிறு தடங்கல். சாய்ந்து சாய்ந்து நன்றாகத்தான் இறங்கி வந்தார். பாதி வழியில் முட்டு இறுகிவிட்டது, காலை மடக்க முடியவில்லை. கல் இருக்கையில் காலை நீட்டி இருபது நிமிடம் உட்கார்ந்தார். எனக்குப் பயம்தான். அந்த நேரம் முழுவதும் அவர் அச்சகத்தில் கையெழுத்துப் பிரதி படிக்க முடியாமல் திணறிய ஒரு நாளைப் பற்றிப் பேசினார், நான் இதுவரை கேட்டிராத கதை. பிறகு கம்பை வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கம்பு காரில் கிடக்கட்டும் என்று டீச்சர் எழுதியிருக்காவிட்டால் எடுத்துப் போயிருக்க மாட்டேன். கீழே இருந்து வாங்கி வரச் சொல்ல நேரம் ஏது? அதனால் இதை வாசிக்கிறவர்கள் கம்பைக் காரில் போடாமல் மேலேயே கையில் கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கொட்டாரத்தில் மாடி ஏறவே இல்லை. ஊழியர்களிடம் சொன்னதும் வழி காட்டினார்கள், ஒருவர் மண்டபம் வரைக்கும் கூடவே வந்தார். பூமுகத்து 90 பூக்களில் அப்பா முப்பதுக்கு மேல் எண்ணியிருப்பார், கழுத்து வலித்ததும் நிறுத்தினார். நவராத்திரி மண்டபத்துத் தரையைப் பார்த்ததும், "இதுதான்" என்றார். குனிந்து முகம் பார்க்க முட்டு இடம் கொடுக்கவில்லை. நான் குனிந்து பார்த்து, "தெரியுது அப்பா" என்றேன். "எனக்கு இங்கிருந்தே உன் முகம் தெரியுது" என்றார்.

மூன்றரைக்கு வெளியே வந்து நீலகண்டசுவாமி கோயில் தெருவில் நடந்தோம். அங்கே கம்பை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று காலை முட்டில் லேசான வீக்கம், ஐஸ் வைத்ததும் குறைந்துவிட்டது. நாளை முதல் வழக்கமான நடை.

தக்கலை அண்ணா, அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு உதயகிரிக்கு வருகிறோம். லத்தீனும் தமிழும் ஒரே கல்லில் என்று சொன்னதிலிருந்து, புரூப் பார்த்த பழைய பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார்.

தக்கலை_நடையாளி:

வாருங்கள், நான் எப்படியும் அங்கேதான் இருப்பேன். கல்லறை இருக்கிற இடத்தைக் காட்டுகிறேன்.

அருமனை_டீச்சர்:

வாசிக்கும்போதே நிறைந்துவிட்டது மக்களே. பூதக்கண்ணாடியோடு ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் வைத்து அடித்தால் குழியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அங்கே கூரை இல்லாததால், வெயில் சாய்வாக விழுகிற காலை நேரத்தில் போனால் டார்ச்சு கூடத் தேவைப்படாது.